பாம்பு பிடிக்கிறவர்களுக்கு ஒரு சங்கம்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் பெருமாளைச் சேவித்த கையோடு, மேற்கூரையில் பதித்திருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டுத்தான் வெளியே வருவார்கள். தொட்டால் பல்லி விழுந்த தோஷம் போகும். அதே ஆள் வீட்டுக்குத் திரும்பி, புழக்கடையில் ஒரு சாரைப்பாம்பு போவதைப் பார்த்தால் கையில் கிடைத்த கட்டையை எடுத்துக்கொண்டு ஓடுவார். ஆடி மாதம் நாகாத்தம்மன் புற்றுக்கு முட்டையும் பாலும் வைப்பதும் அவர் வீட்டம்மாதான். பாம்பு பால் குடிக்கிற பிராணி இல்லை; எலியும் தவளையும் தின்கிற பிராணி. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியும். தெரிந்தும் வைப்பார்கள். சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நான் பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், தறி போட்ட வீட்டில். குழித்தறி. நெய்கிறவர் தரையோடு தரையாக உட்கார்ந்து, இரண்டு காலையும் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்க வேண்டும். ஐப்பசி மழையில் குழிக்குள் ஈரம் கசியும். ஈரத்துக்குத் தவளை வரும். தவளைக்குப் பாம்பு வரும். விடிவதற்கு முன் தறியில் உட்காருகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அப்பா ஒரு கம்பை விட்டுக் குழியைச் சுற்றித் துழாவிய பிறகுதான் காலை இறக்குவார். "தட்டிட்டு எறங்குடா" என்பதுதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் தொழில் பாடம். உள்ளே ஏதாவது இருந்தால் அது உயிரோடு வெளியே போனதாக எனக்கு நினைவில்லை. நல்லபாம்பாக இருந்தால் மட்டும், அடித்த பிறகு பாலூற்றிக் காசு வைத்து எரிப்பார்கள்.

தறியில் உட்காராமல் நான் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றேன். பங்குத்தொகை, கூலிப் பட்டியல், தள்ளுபடி மானியம், தணிக்கை ஆட்சேபணை, இவைதான் என் உலகம். ஒருமுறை தணிக்கைக்கு வந்த அதிகாரி டீ குடிக்கும்போது, எங்கள் மாவட்டத்திலேயே வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது என்றார். "சரக்கு இருப்பை எண்ணப் போனா, பானைக்குள்ள சீறுதுய்யா!" சேலை இருப்பு எண்ணியே பழகிய எனக்கு அந்தச் சங்கத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது. அப்படித் தேடிப் போய்த்தான் அதற்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ரோமுலஸ் விட்டேகர். பத்திரிகைக்காரர்களுக்கு அவர் 'பாம்பு மனிதர்'. பள்ளிச் சுற்றுலா போன பிள்ளைகளுக்கு முதலைப் பண்ணைக்காரர். நான் அவரைச் சங்கத்து வாசல் வழியாகப் பார்க்கிறேன்.

'எங்கள் மாவட்டம்' என்று இப்போது சொல்ல முடியாது. 2019 நவம்பர் 29-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது வடநெம்மேலி முதலைப் பண்ணை, வண்டலூர் உயிரியல் பூங்கா, வேடந்தாங்கல் மூன்றும் அந்தப் பக்கம் போய்விட்டன. எங்களுக்கு மிஞ்சியவை கோயில், தறி, கார்த் தொழிற்சாலை. ஆனால் விட்டேகரின் கதை நடந்த காலம் முழுக்க அது ஒரே மாவட்டம்தான்.

அவர் பிறந்தது 1943-ல் நியூயார்க்கில். சின்ன வயதிலேயே பாம்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். அம்மா டோரிஸ் நார்டன் அலறவில்லை. பாம்புகளைப் பற்றிய புத்தகம் வாங்கிக் கொடுத்தார். டோரிஸ் பிறகு ராமா சட்டோபாத்யாய என்ற இந்தியரை மணந்துகொள்ள, 1951-ல் குடும்பம் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது.

இந்த இடத்தைக் கூட்டுறவுக்காரனால் தாண்டிப் போக முடியாது. ராமாவின் அம்மா யார் தெரியுமா? கமலாதேவி சட்டோபாத்யாய. 1948-ல் இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தைத் தொடங்கியவர், 1952-ல் அகில இந்தியக் கைவினைப்பொருள் வாரியத்தின் தலைவரானவர், கைத்தறிக்காக நாடெங்கும் அலைந்தவர். பாம்புக்காரர் அந்த வீட்டுப் பேரன். இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. ஆனால் பிற்காலத்தில் அவர் செய்த காரியத்தைப் பார்க்கும்போது அந்த அம்மையாரின் பெயர் என் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

பள்ளிப்படிப்பு கொடைக்கானலில். விடுதியில் கட்டிலுக்கு அடியில் மலைப்பாம்பு வளர்த்தார். பிறகு அமெரிக்கா போய்க் கல்லூரியில் நிலைக்காமல், ஃபுளோரிடாவின் மயாமி நகரில் பில் ஹாஸ்ட் நடத்திவந்த பாம்புப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். ஹாஸ்ட் ஒரு விசித்திர மனிதர். பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் உடம்பிலேயே ஊசியாக ஏற்றிக்கொண்டவர். நூற்றுக்கு மேற்பட்ட கடி வாங்கியும் நூறு வயது வாழ்ந்து 2011-ல் இறந்தார். அவரிடம்தான் விட்டேகர் பாம்பிடம் விஷம் எடுக்கும் வேலையைக் கற்றார். வியட்நாம் போர்க் காலத்தில் ராணுவத்துக்கு இழுக்கப்பட்டு, மருத்துவ ஆய்வகத்தில் பணிபுரிந்துவிட்டு, 1967-ல் இந்தியாவுக்கே திரும்பினார். பின்னாளில் இந்தியக் குடிமகனும் ஆனார்.

1969-ல் தாம்பரத்துக்குப் பக்கத்தில் சேலையூரில் ஒரு சின்னப் பாம்புப் பண்ணை. 1972-ல் அது கிண்டிக்கு வந்தது. சென்னைக்குப் போகிற காஞ்சிபுரத்துக் குடும்பங்கள் மூர் மார்க்கெட், மெரினா, கிண்டி பாம்புப் பண்ணை என்று மூன்றையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு கடைசி பஸ்ஸில் திரும்பிய காலம் அது. இந்தியாவின் முதல் பாம்புப் பண்ணை என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் என் கணக்கில் பெருமை வேறு. நம் நாட்டில் முந்நூறு வகைப் பாம்புகளுக்குக் குறையாது. மனிதரைக் கடித்துச் சாகடிப்பதில் பெரும்பங்கு நான்குக்குத்தான்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். டிக்கெட் வாங்கி உள்ளே போன ஆள் இந்த நான்கையும் கண்ணால் பார்த்து, மற்றவற்றிலிருந்து பிரித்துத் தெரிந்துகொண்டு வெளியே வந்தார். பள்ளிக்கூடம் செய்யாத வேலையை ஒரு காட்சிசாலை செய்தது.

கிண்டிப் பண்ணைக்குப் பாம்பு எங்கிருந்து வந்தது? செங்கல்பட்டுச் சீமையின் இருளர்களிடமிருந்து. இருளர் பாம்பு பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மகுடியும் கிடையாது, மந்திரமும் கிடையாது. கையில் ஒரு கடப்பாரை, தோளில் ஒரு துணிப்பை. வயல் வரப்பில் இருபது எலிவளை இருந்தால், பத்தொன்பதைத் தாண்டிப் போய் இருபதாவதன் முன்னால் குந்துவார்கள். வளை வாயில் மண் வழவழப்பாக இருக்கும். பாம்பின் வயிறு தேய்த்துத் தேய்த்து வந்த வழவழப்பு. எச்சம், உரித்த சட்டையின் துணுக்கு, புல் சாய்ந்திருக்கும் திசை எல்லாம் பார்ப்பார்கள். பிறகு கடப்பாரையால் மெல்ல மண்ணைத் தள்ளி, வாலைப் பார்த்ததும் கையாலேயே இழுத்துவிடுவார்கள். எலியும் உணவு, எலி சேர்த்து வைத்த நெல்லும் உணவு. பாம்பு மட்டும் விற்பனைக்கு.

விற்பனை என்றால் தோல் விற்பனை. பெண்களின் கைப்பை, செருப்பு, இடுப்புப் பட்டை என்று மேல்நாட்டுச் சந்தையில் பாம்புத்தோலுக்குக் கிராக்கி இருந்த காலத்தில் லட்சக்கணக்கான பாம்புகள் உரிக்கப்பட்டன. சென்னைத் தோல் வியாபாரிகள் வைத்ததுதான் விலை. பிடித்தவருக்குக் கிடைத்தது சில்லறை. நெசவாளிக்கு இது புதுக்கதை இல்லை. சங்கங்கள் வருவதற்கு முன் எங்கள் ஊரில் முதலாளி பாவும் ஊடையும் சரிகையும் கொடுப்பார், அவர் சொன்னதுதான் கூலி, முன்பணம் வாங்கியவர் வேறு வீட்டுக்குத் தறி ஓட்ட முடியாது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை. பாம்புக்கு நல்ல காலம். இருளருக்கு? ஒரே நாளில் அவர்கள் அறிந்த தொழில் குற்றமாகிவிட்டது. காட்டைக் காப்பாற்றுகிறவர்களில் பலர் இந்த இடத்தில் கையைத் தட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். விட்டேகர் போகவில்லை. பாம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் இருளரிடம் கற்றது என்பதை அவர் மறைத்ததே இல்லை. கற்றுக்கொடுத்தவர்கள் அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் கொத்தடிமையாகப் போவதைப் பார்த்துக்கொண்டு உயிரியல் பூங்கா நடத்துவது அவருக்குச் சரிப்படவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

1978 டிசம்பரில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், வரதராஜர் கோயில் குளத்திலிருந்து அத்திவரதர் எழுந்தருளிய 1979-க்கு முந்தைய வருஷம். யோசனை எளிமையானது. செத்த பாம்பு ஒருமுறை விலை போகும். உயிருள்ள பாம்பிடம் விஷம் எடுத்தால், அதை விற்கலாம், பாம்பையும் திரும்ப விடலாம். விஷமுறிவு மருந்து செய்கிற கம்பெனிகளுக்கு விஷம் வேண்டும். இருளருக்குக் கூலி வேண்டும். சட்டத்துக்குப் பாம்பு உயிரோடு வேண்டும். மூன்றையும் ஒரே துணைவிதிக்குள் கொண்டுவந்தார்கள். பதிவுச் சான்றிதழ் வாங்கியது 1978, விஷ உற்பத்தி தொடங்கியது 1982. நடுவில் போன வருஷங்களை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஒரு சங்கத்துக்குக் கட்டடம் கட்ட அனுமதி வாங்கவே அவ்வளவு காலம் அலைந்தவர்கள் எங்களில் உண்டு.

விஷம் எடுப்பதை நான் பார்த்தது முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ளேயே. பார்வையாளர்கள் சுவர்மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே மணல் தரையில் வரிசையாக மண்பானைகள். பானைக்குள் பாதி மணல், வாயில் துணி இறுக்கிக் கட்டியிருக்கிறது. எந்த வகை, எந்தத் தேதியில் வந்தது என்ற கணக்கு ஒவ்வொரு பானைக்கும் உண்டு. பிடிப்பவர் துணியை அவிழ்த்து, வளைந்த கம்பியால் பாம்பைத் தூக்கி மணலில் விடுகிறார். கண்ணாடிவிரியன். சீறல் சுவருக்கு இந்தப் பக்கம் வரை கேட்கிறது. முன்வரிசையில் நின்ற குழந்தை அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொள்கிறது. பிடிப்பவர் அவசரப்படவில்லை. கம்பியால் தலையை மெல்ல அழுத்தி, தாடைக்குப் பின்னால் விரல் வைத்துத் தூக்குகிறார். இன்னொரு கையில் கண்ணாடிக் குப்பி, அதன் வாயில் மெல்லிய சவ்வு. பாம்பு சவ்வைக் கடிக்கிறது. இரண்டு பல்லும் உள்ளே இறங்குவது தெளிவாகத் தெரிகிறது. குப்பியின் சுவரில் மஞ்சள் துளிகள் வழிகின்றன. அவ்வளவுதான். சில நொடி. பாம்பு மறுபடியும் பானைக்குள்.

வாரத்துக்கு ஒருமுறை என்று மூன்று நான்கு வாரங்களுக்குள் நான்கு தடவை எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஓரமாகச் சின்ன வெட்டு அடையாளம் வைத்து, காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பு திரும்பச் சீக்கிரமே மாட்டினால் சங்கம் எடுத்துக்கொள்ளாது. எடுத்த விஷத்தைக் குளிரில் உறையவைத்து உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். சுருட்டைவிரியன் தருவது மிகக் கொஞ்சம். ஒரு கிராம் சேர நூற்றுக்கும் மேற்பட்ட பாம்புகள் வேண்டும். மருந்துக் கம்பெனிகள் இந்தப் பொடியை வாங்கி, குதிரைக்கு மிகச் சிறிய அளவில் செலுத்தி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகின்றன. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடிக்கு ஏற்றுகிற ஊசி அதுதான். இந்தியாவில் மருந்துக்குப் போகும் விஷத்தில் மிகப் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்து போகிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் வயல்களில் பிடிபட்ட பாம்புகள்!

வேலை முடிந்து பீடி பற்றவைத்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பயம், வீரம் என்றெல்லாம் கேட்காமல், எனக்குத் தெரிந்ததைக் கேட்டேன்.

"பட்டுவாடா ஒழுங்கா நடக்குதா பெரியவரே?"

அவர் சிரித்துவிட்டார். "நீங்க சங்கத்து ஆளா சார்? பாம்பு கொண்டாந்தா கணக்குல ஏறிடும், அதுல குறை சொல்ல முடியாது. ஆர்டர்தான் லேட்டாவுது. வருஷா வருஷம் இத்தினி பாம்பு புடிக்கலாம்னு கவர்மெண்டு ஆர்டர் போடணும். பாம்பு வெளிய மேயற மாசத்துல ஆர்டர் வராது. ஆர்டர் வர்றப்ப அது வளைக்குள்ள படுத்துடும்."

பட்டுக்கு ரிபேட் ஆணை தீபாவளி முடிந்து வந்த வருஷங்களை நான் அவரிடம் சொன்னேன். இரண்டு பேருக்கும் பேச நிறைய இருந்தது.

இந்தச் சங்கம் எல்லா இருளரையும் கரையேற்றிவிட்டது என்று எழுதினால் அது பொய். உறுப்பினர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். வெளியே இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில். 2019 ஜூலை மாதம் அத்திவரதரைப் பார்க்க நாடே காஞ்சிபுரத்தில் குவிந்திருந்தது. அதே மாதம், காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைத் தொழிலாளர்களை அதிகாரிகள் மீட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழும் படம் பத்திரிகைகளில் வந்தது. இருளர்கள். நாங்கள் தரிசன வரிசை எத்தனை கிலோமீட்டர் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

முதலைக்கு வருகிறேன். 1970களில் இந்தியாவின் மூன்று வகை முதலைகளும் அழிவின் விளிம்பில் இருந்தன: ஆறு, ஏரிகளில் வாழும் சதுப்புநில முதலை, கழிமுகத்து உவர்நீர் முதலை, கங்கைச் சமவெளியின் நீண்ட மூக்குக் கரியால். காரணம் தோல்தான். 1975-ல் மத்திய அரசு முதலைத் திட்டத்தைத் தொடங்கியது. 1976-ல் விட்டேகரும் அவருடைய அப்போதைய மனைவி ஜாய் விட்டேகரும் நண்பர்களோடு வடநெம்மேலிக் கடற்கரை மணலில் எட்டரை ஏக்கரில் சென்னை முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். வங்கியில் போட்ட பணம் போல முதலைகளைச் சேர்த்துவைத்துப் பெருக்கி ஆறுகளுக்குத் திருப்பிக் கொடுப்பது திட்டம். அதனால்தான் ஆங்கிலத்தில் அதற்கு 'பேங்க்' என்று பெயர்; நாம் பண்ணையாக்கிவிட்டோம்.

முதலைகள் எதிர்பார்த்ததற்கு மேல் ஒத்துழைத்தன. பண்ணையில் தீனிக் கவலை இல்லாத பெட்டை முதலை ஆண்டுக்கு இரண்டு முறை முட்டையிட்டது. அந்த முட்டைகளை வைத்து நடந்த ஆராய்ச்சியில் ஒரு வேடிக்கை. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது முட்டை இருக்கும் மணலின் சூடு. 31 டிகிரிக்குள் அடைந்தால் எல்லாம் பெண், 32.5 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆண். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் குரல் கொடுத்ததும் தாய் வந்து மண்ணைத் தோண்டி எடுக்கும் என்பது தெரிந்த விஷயம். இங்கே தகப்பன் முதலையும் வந்து, முட்டையை வாயில் வைத்து மெல்ல உருட்டி உடைத்து, குஞ்சுகளை வாயிலேயே தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனதைப் பார்த்தார்கள். ஜெஃப்ரி லாங், விட்டேகர், ஹாரி ஆண்ட்ரூஸ் மூவரும் 1986-ல் இதை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். எருமைக் காலை முறிக்கிற தாடை அது.

ஆனால் ஆற்றில் இடம் இல்லை. மணல் அள்ளுகிறோம், கரை வரை வீடு கட்டுகிறோம். முதலையைக் கொண்டுவந்து விடுகிறேன் என்றால் எந்த ஊர் ஒப்புக்கொள்ளும்? 1990களில் ஆறுகளில் விடுவது நின்றுபோனது. பண்ணையில் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. முட்டையை எடுத்துவிடுவதும், ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பதும் வேலையாகிப் போயின. உற்பத்தி ஜோராக நடந்து விற்பனை படுத்துவிட்டால் சங்கத்தின் நிலை என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் தேங்கிய சேலை சாப்பாடு கேட்காது. முதலை கேட்கும். 2020-ல் ஊரடங்கில் பண்ணை மூடப்பட்டு டிக்கெட் வருமானம் நின்றபோது, நிர்வாகம் பொதுமக்களிடம் நன்கொடை கேட்க வேண்டிவந்தது. பிறகு ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள பெரிய தனியார் மையத்துக்கு அனுப்பும் ஏற்பாடு நடந்தது. எதிர்த்து வழக்கும் போட்டார்கள். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு விலங்கைக் காப்பாற்றுவது அதைப் பெருக்குவதோடு முடிகிற வேலை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

பண்ணையோடு விட்டேகர் நிற்கவில்லை. அந்தமானில் ஒரு ஆராய்ச்சி நிலையம். 2005-ல் கிடைத்த விட்லி விருதுப் பணத்தைக் கொண்டு, கர்நாடகத்தின் அகும்பேயில் ராஜநாகம் வாழும் மழைக்காட்டில் இன்னொரு நிலையம். ராஜநாகம் பற்றி அவர் எடுத்த படத்துக்கு 1998-ல் எம்மி விருது. 2018-ல் பத்மஸ்ரீ. இவற்றையெல்லாம் எந்தக் கட்டுரையிலும் படிக்கலாம். கட்டுரைகளில் ஓரமாகப் போகிற விஷயம் ஒன்று உண்டு. 2017 ஜனவரியில் ஃபுளோரிடா மாநிலம் இங்கிருந்து இரண்டு இருளர்களை வரவழைத்தது. மாசி சடையன், வடிவேல் கோபால். அங்கே செல்லப்பிராணியாக வளர்த்துக் கைவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புக் காடெங்கும் பெருகி, முயலும் மானும் இல்லாமல் செய்துகொண்டிருந்தன. கருவிகளை வைத்துக்கொண்டு தேடியும் அமெரிக்கர்களுக்குக் கண்ணில் படாதவை. இவர்கள் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடிப் பெட்டை. மயாமியில் ஹாஸ்டிடம் தொழில் பழகிய ஒரு பையன் திரும்பி வந்து இங்கே கட்டிய உறவு, ஐம்பது வருஷம் கழித்து இருளரை அதே ஃபுளோரிடாவுக்கு வல்லுநர்களாக அனுப்பிவைத்தது. 2023-ல் அவர்கள் இருவருக்கும் பத்மஸ்ரீ. விட்டேகருக்குக் கிடைத்ததைவிட அவர்களுக்குக் கிடைத்ததுதான் அவர் வேலைக்குச் சரியான மதிப்பெண் என்பது என் கருத்து.

உயிரியல் பூங்கா என்றாலே எனக்குக் கொஞ்சம் அலுப்பு. கூண்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற புலியைப் பார்த்து யாருக்கு என்ன லாபம்? ஆனால் வடநெம்மேலியில் வேலி ஓரத்துச் சங்கத்தில் எடுக்கிற விஷம் ராஜஸ்தானில் ஒரு விவசாயியின் உயிரைக் காக்கப் போகிறது. அங்கேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒரே வகைப் பாம்பானாலும் விஷம் ஊருக்கு ஊர் மாறும். செங்கல்பட்டுக் கண்ணாடிவிரியனின் விஷத்தில் செய்த மருந்து வடக்கே, மேற்கே உள்ள பாம்புக்கடிக்கு அதே அளவு வேலை செய்வதில்லை. அந்தந்த வட்டாரப் பாம்பிடமிருந்து விஷம் சேகரிக்க வேண்டும் என்று விட்டேகரே 2012-லிருந்து எழுதிவருகிறார். தான் தொடங்கிவைத்த சங்கத்தின் ஏகபோகம் போய்விடுமே என்று அவர் யோசிக்கவில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-ல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்தில், வீட்டிலேயே. மருந்து இல்லாததால் மட்டும் இல்லை. மந்திரிக்கப் போய், பச்சிலை கட்டி, நேரம் போக்கி, கடைசியில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதால். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியிருக்கிறது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வரும். கணக்கு எழுதியே வாழ்ந்தவன் சொல்கிறேன், கணக்கில் வராததற்கு மருந்தும் ஒதுக்க மாட்டார்கள்.

ஆகவே இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள். கடித்த இடத்துக்கு மேல் கயிறு கட்டாதீர்கள், கத்தியால் கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை. இங்கே கிடைக்கிற மருந்து நான்கு பாம்புக்கும் சேர்த்துச் செய்ததுதான். கையோ காலோ ஆடாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் தூங்குகிறவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் இல்லாமல் இருக்கலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தவருக்குக் கண் இமை சொருகினால் ஓமத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையை விரிப்புக்குக் கீழே செருகிக்கொள்ளுங்கள். இருட்டில் கொல்லைக்குப் போனால் டார்ச் எடுங்கள். குழித்தறிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தட்டிவிட்டு இறங்குங்கள்.

முதலைப் பண்ணைக்குப் போனால் விஷம் எடுப்பதைப் பார்க்கத் தனி டிக்கெட் உண்டு. அதையும் சேர்த்து வாங்குங்கள். அந்தக் காசு இருளர் சங்கத்துக்குப் போகிறது. திங்கட்கிழமை விடுமுறை.